உணவுமல்ல, மருந்துமல்ல

உடம்பு மெலிய வேண்டும் என்று ஜெசிந்தா ஆசையாகக் குடித்துவந்த இலைச்சாற்றுப் புட்டியை எடுத்துக்கொண்டு, அவள் கணவர் இருதயராஜ் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். அவள் கல்லீரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"கொழுப்பைக் கரைக்கும்னு போட்டிருக்கான். அப்ப இது மருந்து. மருந்து ஆபீசுக்குப் போங்க" என்றார் அதிகாரி.

மருந்து அலுவலகத்தில் இருந்த அம்மாள் லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "உணவுன்னு லைசென்ஸ் வாங்கியிருக்காங்க. எங்களால தொட முடியாதுங்க ஐயா." உண்மையிலேயே வருந்தினார், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

பேருந்து நிலையக் கடையில் ஒரு கல்லூரிப் பெண் அதே சாற்றை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அதக் குடிக்காதம்மா. என் சம்சாரம் இதக் குடிச்சுத்தான் படுத்துக் கெடக்குறா."

அந்தப் பெண் மிரண்டுபோய்க் கடைக்காரரைப் பார்த்தாள்.

"கெடுதல்னா கவர்மெண்டு விக்க விடுமா பெரியவரே?" என்றார் கடைக்காரர்.



அந்தப் பெண் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினாள். இருதயராஜும் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நடத்துநர் இரண்டு தடவை குரல் கொடுத்தும், அவள் புட்டியைத் திறந்துவிடுவாளோ என்று பார்த்தபடி அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.