இன்னும் கொஞ்சம் நீலம்

சாயப்பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே காலை வெயில் இறங்க, அதைத் தின்றபடி ஆவி ஏறுகிறது. கொதிக்கும் தொட்டியில் ஓர் ஏற்றுமதி ஆர்டரின் வெள்ளைப் பனியன் துணி முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து நறுக்கிய துண்டை டையிங் மாஸ்டர் ராஜபாண்டி டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கிறார். ஆர்டர் தந்த பார்ட்டி கொடுத்த சாம்பிள் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. வெள்ளைக்குப் போய் சாம்பிள் வைத்துப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

“இன்னும் மஞ்ச தட்டுது. நீலம் ஊத்தும்மா.”

குவளையோடு நிற்கும் அனுசுயா தயங்குகிறாள். “ஏனுங்க மாஸ்டர், இப்பவே நீலம் ஏறித் தெரியுதுங்க.”

“நான் பாக்காத வெள்ளையா? ஊத்துன்னா ஊத்து.”

அவள் ஊற்றுகிறாள். அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைக்கிறார், புகைமூட்டம் விலகவில்லை. பல்லடம் கண் முகாமில் டாக்டர் சொன்னது நினைவில் உறுத்துகிறது: “கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் பச்சை முட்டையோட வெள்ளைக்கரு மாதிரிங்க. அதிலிருக்கிற புரதம் மடிப்புக் கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மங்கி மஞ்சளாப் பழுத்துரும். வெந்த முட்டை திரும்பப் பச்சையாகுமா? ஆபரேஷன்தான்.” இந்த ஆர்டர் முடியட்டும் என்று அன்று எழுந்து வந்துவிட்டார்.

காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து அவித்த முட்டையை உரிக்கிறார். உரித்த கை அப்படியே நிற்கிறது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“அனுசுயா, இது என்ன நெறம்மா?”

“முட்டைங்களா? வெள்ளைதானுங்க.”

அவருக்குப் பின்னால், நீலத் தண்ணீரில் துணி அமிழ்ந்து அமிழ்ந்து எழுகிறது.