காலையில் வந்தவர்

மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் அப்பம் வாங்கும் திருவிருந்து. மனத்தாங்கலோடு அதில் கையேந்தக் கூடாதென்று, அதற்குமுன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட நினைத்த தச்சர், சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அண்ணி சிரித்தாள். "என்ன தம்பி, மறுபடியுமா? காலையிலயே வந்து அழுது தீத்துட்டீங்களே!"

"நானா?"

"சாகும்போது அப்பா இவரைத் தேடினதை மறைச்சிட்டேன்னு சொன்னீங்களே. உங்கண்ணன் இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாரு."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லத்தான் வந்திருந்தார். காலையில் வந்தது தானில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பிவிட்டார்.

ஞாயிறன்று பீடத்தின்முன் மண்டியிட்டுக் கையேந்தினார். போதகர் குனிந்து, "உங்களுக்கு இப்பத்தானே கொடுத்தேன்?" என்று கிசுகிசுத்துவிட்டு, அப்பத்தட்டுடன் அடுத்தவரிடம் நகர்ந்தார்.

தச்சர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர் தலைகுனிந்து, மெதுவாக மென்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தச்சரின் மனைவி அந்த ஆளின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.