முதல்ல கட்டுப் போடு!

ரிப்பன் சுற்றிய பெட்டிக்குள் ஒவ்வொருவராக அடையாள அட்டையைப் போட்டுவிட்டுக் கூடத்துக்குள் வந்தார்கள். பேச்சு முடிந்ததும் பரிசுக் குலுக்கலாம், எல்லோருக்கும் கவர் உண்டாம். செருப்புத் தொழிற்சாலையின் தையல் பிரிவு மொத்தமும், நூற்றிருபது பேர், கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் கலகலவென்று உட்கார்ந்திருந்தது.

மேடையில் பட்டாளத்தார். ஒரு கால் சொந்தக் கால், இன்னொன்று கட்டைக் கால். சண்டையில் கால் போன கதையைப் பெற்ற மகனிடம்கூட முழுசாகச் சொல்லாத மனுஷர்.

அந்த மகன் இங்கேதான் மேற்பார்வையாளன். "எல்லாரும் மனசு விட்டுப்போய்க் கிடக்கோம்ப்பா. நானும்தான். நீங்க வந்து பேசினா ஒரு தெம்பு வரும்" என்று அவன் கெஞ்சியதும் உருகிவிட்டார். இருபத்தைந்து வருஷத்து வைராக்கியம் ஒரே கெஞ்சலில் போச்சு! பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமென்றால் அப்பன் வாயைத் திறக்காமல் வேறு யார் திறப்பது?

மகன் கழுத்து அட்டை ஆட ஆட இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தான். வேலையாய்த் திரிகிறவனுக்குப் பரிசு நினைப்பு ஏது! மைக்கைச் சரிசெய்யும் சாக்கில் வந்து அப்பா காதைக் கடித்தான். "அந்தக் கட்டுப் போடுற விஷயத்தை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்கப்பா."

"ஒரு கால் போனதுல ஒரு லாபம் உண்டு. கொசுக்கடி பாதியாயிடுச்சு" என்று ஆரம்பித்தார். கூடம் கொல்லென்று சிரித்தது.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. "வழி சுத்தமா இருக்குன்னு ஒருத்தன் சொன்னான், நடந்தேன். கண்ணிவெடி வெடிச்சுது. சொன்னவன் மேல வந்த ஆத்திரத்துல ரத்தம் போறதே தெரியல. பக்கத்துல கிடந்தவன் கத்தினான். 'யாரு செஞ்சான்னு அப்புறம் பாருடா, முதல்ல கட்டுப் போடு!' அதனாலதான் இன்னிக்கு உயிரோட நிக்கறேன். உங்களுக்கும் அதேதான். அடி விழுந்தா, யாரு அடிச்சான்னு தேடாதீங்க. கட்டுப் போட்டுட்டு எழுந்து நடங்க."

மகன் கேட்டபடி இன்னொரு தரமும் சொன்னார். முன்வரிசை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கவர்கள் வந்தன. அந்த அக்காதான் முதலில் பிரித்தாள். படித்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி படித்தாள்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாமாம். வாசல்லயே அட்டையைப் பிடுங்கிட்டானுங்களே, பாவிங்க!"

கூடம் முழுக்கக் கவர் கிழியும் சத்தம். யாரோ ஓவென்று அழுதார்கள். அக்கா விடுவிடுவென்று மேடைக்கே ஏறி வந்துவிட்டாள்.

"யாரு அடிச்சான்னு தேடாதேன்னு சொல்லிக்கொடுக்கத்தான் வந்தீங்களா பெரியவரே? நல்லா இருங்க!"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!" அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? பட்டாளத்தாருக்குக் கால் போன அன்றுகூட இப்படி வலிக்கவில்லை. யாருக்கும் காட்டாத புண்ணைத் திறந்து காட்டினால், அதையே வைத்து நூற்றிருபது பேர் வாயை அடைத்துவிட்டார்களே!

சட்டென்று பிள்ளை ஞாபகம் வந்தது. ஐயோ, அவனும் இதில் மாட்டியிருப்பானே! கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டைக் காலோடு ஓடினார். அவன் தூணோரம் தலையைக் குனிந்து நின்றான்.

"மனசு விட்டுடாதடா, நான் இருக்கேன். அப்பனையும் புள்ளையையும் சேர்த்துக் கழுத்தறுத்துட்டானுங்க. வா, அந்த முதலாளி சட்டையைப் பிடிச்சு நானே கேக்கறேன். உன் கவர் எங்க? காட்டு."

அவன் கழுத்து அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"எனக்குக் கவர் இல்லப்பா. பேரெல்லாம் எழுதி ஒட்டினதே நான்தான்."