இதைவிட மோசம்

நிவாரண நிதி அதிகாரி தோமா, ஊர்க்கூடத்து விருந்து மேசையில் அறுத்து வைத்திருந்த கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. விமானம் ஏறி வந்து இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர் கைவிட மாட்டார் என்று, கல்லை ஆராய்ந்த மோயெரோவாவுக்குத் தோன்றியது.

அத்தியு தீவில் இரண்டாம் ஆண்டாக மழை இல்லை. சேப்பங்கிழங்கு வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த நிதியில் மழைநீர்த் தொட்டிகள் வராவிட்டால், மாமா துத்தாயின் குடும்பமும் மற்றவர்களைப் போல ஆக்லாந்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

தன் நிலத்துக் குகையில் யாரையும் கை வைக்க விடாதவர் மாமா. தொட்டி கிடைக்கும் என்று மோயெரோவா அடித்துச் சொன்னதால்தான், குகைக்கூரை சொட்டிச் சொட்டி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்த்த கல்தூணை அறுக்க விட்டார்.

ஜெபம் முடிந்ததும் தோமா சொன்னார்: "எங்கேயோ ஆலைங்க விட்ட புகையால நம்ம வானம் கெட்டுப்போச்சு. அதுக்கு ஈடுகட்டத்தான் இந்த நிதி."

"ஆமென்!" என்றார் மாமா சத்தமாக. புகை விட்டவர்கள் யாரும் அந்தக் கூடத்தில் இல்லை.

"சரி, கல்லு என்னம்மா சொல்லுது?" என்று தோமா கேட்டார்.

"மழை பெஞ்சா சொட்டு விழும், பட்டை தடிமனா வளரும். இங்க பாருங்க, நூல் மாதிரி இருக்குல்ல? வறட்சி."

"இப்ப இருக்கறதைவிட மோசமா?"

"ரொம்ப மோசம் ஐயா."

மாமா முழங்கையால் இடித்தார். "கூச்சப்படாதடி. நல்லா ஏத்திச் சொல்லு."

"ஏத்தவே வேண்டாம் மாமா, உள்ளதே பயங்கரமா இருக்கு." அவள் விரல் கீழே நகர்ந்தது. "இது முப்பது வருஷம். இது அதுக்கும் மேல. எப்படித்தான் தாங்கினாங்களோ!"

"வெள்ளைக்காரன் கப்பல் வர்றதுக்கு முன்னாடியா?" என்றார் தோமா.

"அதுக்கும் ரொம்ப முன்னாடி."

தோமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். மாமாவுக்கு வாயெல்லாம் பல். தோமாவின் தட்டில் இன்னொரு கோழித்துண்டை வைத்தார்.

"இப்போதைய வறட்சி இதுல எங்க?" என்று தோமா கேட்டார்.

மோயெரோவா கல்லின் உச்சியைப் பார்த்தாள். "அது இன்னும் மயிரிழை அளவுகூடச் சேரல. அளக்க முடியாது."

தோமா பேனாவை மூடினார். அவர் முகத்தில் இருந்தது நிஜமான வருத்தம்தான்.

"எப்பவும் வர்ற வறட்சிதான்னு நீயே நிரூபிச்சுட்டியேம்மா, இனி நான் எந்த வாயால தொட்டி கேப்பேன்?"