ரேட்டு மாற்ற வந்தவன்

“அவன மொதல்ல வேலைய வுட்டுத் தூக்குங்க. அதான் எங்க கருத்து,” என்றார் ராஜ்மோகன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராஜ்மோகன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு மேனேஜர். தபால் உறைகளில் ஸ்டாம்புக்குப் பதிலாகச் சிவப்பு முத்திரை குத்தும் பிராங்கிங் மெஷின் ஒன்று அவர் ஆபீஸில் இருந்தது. தபால் கட்டணம் ஏறியதும், புதுக் கட்டணத்தை அதில் ஏற்றிக் கொடுக்க அறிவழகன் என்ற சர்வீஸ் ஆள் வந்துபோனான். அவன் வாசல் தாண்டியதுமே ராஜ்மோகன் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். நேரில் ஆள் அனுப்பி அவர் கருத்தைக் கேட்டுக்கொள்வதாக அங்கிருந்து சொன்னார்கள்.

இன்று காலை இந்தப் பெரியவர் வாசலில் வந்து நின்று, “ரேட்டு மாத்த வந்தாரே அறிவழகன், அவரப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணுங்க,” என்றதும் ராஜ்மோகனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. ஆனாலும் ஆளை ஏற இறங்கப் பார்த்து முகம் சுளித்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. ஒரு பை இல்லை, எழுதிக்கொள்ள ஒரு பேனா இல்லை. அந்தக் கம்பெனியின் லட்சணம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

“அப்படி என்னங்க பண்ணிட்டாரு?” என்றார் பெரியவர்.

“என்ன பண்ணலன்னு கேளுங்க! ரேட்ட மாத்துனமா, கெளம்புனமான்னு இல்ல. சரியா வுழுதான்னு ஒவ்வொரு கவரா எடை போட்டுப் பாத்துக்கிட்டுப் பொழுதன்னிக்கும் ஒக்காந்துட்டான். சிகரெட்ட நீட்டுனா, ‘பழக்கம் இல்லீங்க’ங்கறான். ஓட்டலுக்குக் கூப்புட்டா வர மாட்டான். களிமண்ணு கொட்டிக் கெடக்குற எடத்துல ஒக்காந்து டிபன் பாக்ஸத் தொறந்து எலுமிச்சம்பழச் சோறு தின்னுக்கிட்டிருக்கான். கம்பெனிக்கு வந்து போறவன் பாத்தா என்ன நெனப்பான்?”

பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “கோவம் கீவம் வருமாங்க அவருக்கு?”

“கோவமா? அதுக்கெல்லாம் சொரணை வேணும். நான் திட்டுன திட்டுக்கு வேற எவனாச்சும் ஸ்குரூ டிரைவர வீசிட்டுப் போயிருப்பான். இவன் ‘சரிங்க சார்’னு மெஷினத் தொடச்சிக்கிட்டிருக்கான். கல்லுளிமங்கன்.”

“பொம்பளைங்க வேல செய்யிற எடமாச்சே, எப்படி நடந்துக்கிட்டாரு?”

“அத ஏன் கேக்குறீங்க! கவரு ஒட்டுற ஆண்டாளு இருக்குது, கூலிக்கு வர்றது. அத அக்கா, வாங்க போங்கன்னு மரியாதையா கூப்புடுறான். அது தூக்க வேண்டிய கவர் மூட்டைய இவன் தோளுல போட்டுக்கிட்டுத் தபாலாபீசுக்குப் போறான். மெஷின் பாக்க வந்தவனுக்கு எதுக்கு மூட்ட தூக்குற வேல?”

பெரியவர் தலையை ஆட்டினார்.

ராஜ்மோகன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இதெல்லாம்கூடப் போவட்டும். ரேட்டு ஏறுனது தெரியாம, ஊரு ஊரா இருக்குற கடைக்காரங்களுக்கெல்லாம் பழைய ரேட்டுலயே கேட்லாக் அனுப்பிட்டேன். எல்லாப் பயலும் அபராதம் கட்டி வாங்கிட்டு மொதலாளிக்குப் போன் போட்டுட்டானுங்க. ‘மெஷின் கோளாறுன்னு மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா’ன்னு இவன்கிட்டக் கேட்டேன். ஒரே ஒரு பொய்யி.”

“சொன்னாரா?”

“எங்க சொன்னான்! ‘மெஷின்மேல தப்பு இல்லீங்கய்யா’ன்னு மொதலாளி மூஞ்சிக்கு நேரா பளிச்சுனு சொல்லிப்புட்டான். நான் நாறிப்போனேன். போறப்ப எங்கிட்ட வந்து, ‘மன்னிச்சிக்கங்க சார், எனக்குப் பொய் சொல்ல வராது’ங்கறான். பொழைக்கத் தெரியாத ஜென்மம். இந்த மாதிரி ஆளயெல்லாம் எவன்தான் சேத்துக்குவான்?”

பெரியவர் எழுந்து இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டார். கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

“ரொம்ப நன்றிங்க. போன எடத்துல எல்லாரும் நல்லவரு நல்லவருன்னே சொன்னாங்க. எனக்கு மனசு நிக்கல. அவரப் புடிக்காதவங்க யாராச்சும் ஒருத்தர் வாயாலயும் கேட்டுடணும்னு இருந்தேன்.”

ராஜ்மோகனுக்கு அந்தப் பேச்சு பாதிதான் புரிந்தது. எப்படியோ காரியம் முடிந்தால் சரி என்று, “நான் சொன்னத ஒண்ணு விடாம ஒங்க மேலிடத்துல சொல்லிடணும்,” என்றார் அதட்டலாக.

“இப்பவே சொல்லிடறேங்க.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து எண்ணை அமுக்கினார். அறிவழகனின் சீட்டு கிழியப்போவதைக் காதால் கேட்க, ராஜ்மோகன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“கமலம், விசாரிச்சிட்டேன். நம்ம பொண்ண அவருக்கே குடுத்துடலாம்.”