அண்ணன் கேட்ட வாசல்

மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டதும், அவர் அவளுடைய கையைப் பிடித்துக் கேமராக்கள் இருந்த பக்கம் திருப்பினார்.

தேர்ந்த கை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஒரு தீவு நாட்டின் பிரதமர். பெயர் சினாப்பென். சின்னப்பன் என்பதுதான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது என்றார்கள். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன அவருடைய முன்னோர் இந்தத் தோணிக்குப்பத்துக்காரர் என்று பேப்பரில் வந்திருந்தது. வேரைத் தேடி வருகிறார் என்று டிவியில் உருகினார்கள்.

அவள் உருகவில்லை. ஊராட்சித் தலைவராக இரண்டாவது முறையும் ஜெயித்தவள்.

ஏற்பாடுகளைப் பார்க்க முன்கூட்டியே வந்த அவருடைய ஆட்கள், குலதெய்வக் கோயிலில் கழற்றிய செருப்பின் சூடு ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். கடற்கரையில்தான் நாள்கணக்கில் கிடந்தார்கள். படகில் போய் ஆழம் பார்த்தார்கள். படகு ஏற்றும் மணலையும் கருவாடு காயப்போடும் மணலையும் சேர்த்து அளந்தார்கள். எதற்கு என்று அவள் கேட்டாள். பாதுகாப்புக்கு என்றார் தாசில்தார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்தத் தீவில் அடுத்த மாதம் தேர்தல். அதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள். தமிழ் வம்சாவளி ஓட்டு அங்கே கொஞ்சநஞ்சமில்லை.

ஆக, வந்தவருக்கு இரண்டு காரியம். கடற்கரை ஒன்று, ஓட்டு ஒன்று.

இரண்டில் எது அவசரம் என்பதுதான் கேள்வி. தேர்தலில் நின்ற யாருக்கும் அதற்குப் பதில் தெரியும்.

மேடையில் அவர் மனப்பாடம் செய்துவந்த தமிழில் சொன்னார்.

"நான் உங்கள் வீட்டுப் பிள்ளை."

பந்தல் அதிர்ந்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். டெல்லியிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துச் சொன்னார். முன்னோர் பிறந்த மண்ணுக்கு நன்றியாக இங்கே ஒரு துறைமுகம். அவருடைய நாட்டுக் கம்பெனியே கட்டிக்கொள்ளும். ஊர் கடற்கரையை விட்டுக்கொடுத்தால் போதும்.

கடைசி வரி மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

நன்றி சொன்னால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தாசில்தார் காலையிலேயே சொல்லியிருந்தார். மைக்கை அவள் கையில் கொடுக்கும்போது கண்ணாலும் சொன்னார்.

அவள் நேராக நின்றாள்.

"அண்ணன் இவ்வளவு தூரம் எங்களைத் தேடி வந்திருக்காங்க. ரொம்ப சந்தோசம். எங்க பக்கம் தங்கச்சி வீட்டுக்கு அண்ணன் வந்தா சீரோட வருவாங்க. தங்கச்சி வீட்டு வாசலக் கேட்டு வரமாட்டாங்க. அந்தக் கடற்கரை எங்க வாசல்."



மொழிபெயர்ப்பாளர் பிரதமரின் பக்கம் குனிந்து சுருக்கமாக ஏதோ சொன்னார். பிரதமர் சிரித்துத் தலையாட்டினார். அவள் படித்த பள்ளிக்கூட இங்கிலீஷுக்கே அது விளங்கியது. தங்கை மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்.

அவள் மைக்கை இறக்கவில்லை.

"வாசல்னு சொன்னேன் சார். அத விட்டுட்டீங்க."

மொழிபெயர்ப்பாளர் அதிகாரிகளைப் பார்த்தார். அதிகாரிகள் கேமராக்களைப் பார்த்தார்கள். அந்தத் தீவுக்கு நேரடி ஒளிபரப்பு போய்க்கொண்டிருந்தது. தங்கையின் கையிலிருந்து மைக்கை யார் பிடுங்குவது?

மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொன்னார்.

பிரதமரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண்கள் மட்டும் அதை விட்டு இறங்கி அவளிடம் வந்தன. வந்ததிலிருந்து அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவளும் பார்த்தாள். தங்கை பார்க்கிற மாதிரியே.

அவர் மைக்கை வாங்கினார். தங்கைக்கு என்ன சீர் வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

"ஒரு ஐஸ் பேக்டரி, அண்ணே. புடிச்ச மீனு கெடாம இருக்கும்."

தனக்குப் போர்த்தியிருந்த பட்டுச் சால்வையைக் கழற்றி அவர் அவள் தோளில் போட்டார். பேக்டரிக்குச் சம்மதம் என்று தமிழிலேயே சொன்னார். "சரி தங்கச்சி" என்ற இரண்டு வார்த்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறை கைதட்டல் நிற்கவில்லை.

அதற்கப்புறம் அவர் பேசிய எதிலும் துறைமுகம் வரவில்லை. பின்வரிசையில் கோட்டு போட்டிருந்த கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து கார் நின்ற பக்கம் போனார்கள். தாசில்தார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி அவர்கள் பின்னால் ஓடினார்.

மதியச் சாப்பாடு சமுதாயக் கூடத்தில். கேமராக்களை உள்ளே விடவில்லை.

அவர் சிரிக்காமல் சாப்பிட்டார். முகம் களைத்திருந்தது, அப்போதுதான் ஒரு மனிதர் மாதிரி இருந்தார். பரிமாறிக்கொண்டிருந்தவளிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு எப்போது தேர்தல் என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். இந்த முறை எதையும் விடவில்லை.

அவள் சட்டிக்குள் தேடி, வஞ்சிரத்தின் நடுத்துண்டாக ஒன்றை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"உங்களுக்கு அடுத்துதாண்ணே."