ஒலி எழுப்பவும்

ஒரு பழைய லாரியில் நாலு கியர் இருந்த கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஐந்து கியர் உள்ளதை மாட்டினார்கள். பைபாஸில் ஏறியதும் டிரைவர் ஐந்தாவது கியரைப் போட்டார். இருபது வருஷமாகக் காது கிழியக் கத்திக்கொண்டே ஓடிய எஞ்சின், சட்டென்று முணுமுணுப்பாக அடங்கியது.

எஞ்சின் புலம்பியது. "ஐயோ, என் சத்தம் போச்சு. இனி என்னைக் காயலான் கடையிலதான் போடுவாங்க."

"வேகத்தைப் பாருங்கண்ணே," என்றது புது கியர்பாக்ஸ். "முன்னைவிட ஜோராத்தான் போறோம். எதுக்குக் கத்தணும்?"

"உத்தரவு இருக்குப்பா. 'ஒலி எழுப்பவும்'னு பெயிண்டர் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே நம்ம முதுகுல எழுதினாரே."

கியர்பாக்ஸுக்குச் சிரிப்பில் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. "அது பின்னால வர்ற வண்டிக்குண்ணே."

எஞ்சினுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பிறகு அதுவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் லாரியே ஆடியது.

அப்போது முன்பக்கம் 'பாம் பாம்' என்று ஒரு குரல் கேட்டது.

"யாருப்பா நீ, புதுசா?" என்றது எஞ்சின்.

"ஹாரன்ணே. இருபது வருஷமா உங்க பக்கத்துலதான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்."